திரும்பி வந்த கரண்ட்

அக்கா,

நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அத்தானுக்கு ஷாக் அடித்த அன்று, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் பாதையில் கரண்டை நிறுத்தியவன் நான்தான். "லைன் ஆஃப் ஆயிருச்சு லா, அத்தான். எர்த் கம்பி வேணாம், ஏறுங்க" என்றேன். மிச்சக் கரண்டைத் தரைக்கு இறக்கும் அந்தக் கம்பியை மாட்டாமல் கம்பத்தில் ஏறாத மனிதர், நான் சொன்னதால் ஏறினார்.

நிறுத்திய பிறகும், அருகே ஒரு ரயில் பிரேக் பிடித்தால் அதன் வேகம் கரண்டாகி மேல்கம்பிக்குத் திரும்பும். புதிதாகச் சேர்பவர்களுக்கு நானே சொல்லித்தரும் பாடம் அது. அன்று சோதனை ரயில் வருவதும் எனக்குத் தெரியும்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் கண் விழித்த அத்தான், விசாரிக்க வந்தவர்களிடம், "நாந்தான் கம்பி மாட்ட மறந்துட்டேன்" என்றார். நீ அவரைத் திட்டினாய். நீ கொடுத்த மைலோ கோப்பையோடு நான் பக்கத்தில் நின்றேன்.

அந்தத் திட்டு என்னுடையது, அக்கா. தயவுசெய்து வந்து திட்டு.

உன் தம்பி