தம்புள்ளையில் அடித்தோம்

பலாபத்வல
20.08.2007

என் அன்புக் கணவர் ஹெர்பர்ட் அவர்களுக்கு,

மார்கிரட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளை லேனாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அந்தத் தடுப்பு முகாமில் வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறோம்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் தமிழ் தெரிந்த ஒரு ஐயா இதைப் படித்து, சிங்களத்தில் எழுதி அங்குள்ள பெரிய அதிகாரிகளிடம் கொடுப்பார் என்று லோயர் சொன்னார். அதனால் முதலில் அவருக்கும் என் வணக்கம். ஐயா, நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிற ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்தைத் தவிர இதில் உங்களுக்கு வேறு கஷ்டம் இராது.

அன்றைக்கு பஸ்ஸில் நடந்ததை நம்ம ட்ரம்ஸ் செபஸ்தியன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போனில் மறுபக்கம் இருந்தது அவர்தானே. கண்டியில் கீபோர்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு வரும்போது, "சனிக்கிழம தம்புள்ளையில அடிக்கிறோம் மச்சான், சாமானெல்லாம் ரெடி, இந்த முறை ஹோலே அதிரணும்" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னீர்களாம். எத்தனை வருஷமாக இப்படித்தான் பேசுகிறீர்கள். கல்யாண வீடு என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் பேண்ட்காரர்கள் வாயில் அடிக்கிறதுதான். பின்னால் இருந்த, தமிழ் அரைகுறையாகத் தெரிந்த யாரோ அதைக் கேட்டு, அடுத்த சோதனைச் சாவடியில் இறங்கி, குண்டு வைக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டார். உங்கள் மடியில் நீளமான கறுப்புப் பெட்டி வேறு. நான் அந்த இடத்தில் ஆமிக்காரராக இருந்திருந்தால் நானே உங்களை இறக்கியிருப்பேன்.

அடுத்த நாள் ஆமியும் பொலிசும் வீட்டுக்கு வந்து தேடினார்கள். உங்கள் ரெக்கோடிங் அறையைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. சுவரில் ஏன் முட்டைத் தட்டு ஒட்டியிருக்கிறது என்று கேட்டார்கள். சத்தம் வெளியே போகாமல் இருக்க என்று சொன்னேன். என்ன சத்தம் வெளியே போகக்கூடாது என்று கேட்டார்கள். அப்போதுதான் நான் உளறியது எனக்கே விளங்கியது. தட்டுகளைப் பிய்த்துப் பார்த்தார்கள், பின்னால் வெறும் சுவர். கொம்பியூட்டரையும், வயரோடு இருந்த உங்கள் கால் பெடலையும் கொண்டுபோனார்கள். அந்தப் பெரிய கீபோர்டை என்ன செய்வது என்று யோசித்தார்கள். அதை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டு, பதில் வருவதற்குள் உட்கார்ந்து ஒரு ஞானப்பாட்டை வாசித்தேன். வாசல் பக்கம் நின்ற பெடியன் ஒருவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். கீபோர்ட் வீட்டிலேயே தங்கியது.

அன்று பின்னேரம் பேண்ட் ஆட்கள் வந்தார்கள். சில்வெஸ்டருக்கு முகமே செத்துப்போயிருந்தது. பாடகர்தான், ஆனால் பேசக் குரல் வரவில்லை. "அக்கா, தம்புள்ள ஷோவ விட்டுருவோம். இப்ப போனா எங்களையும் அள்ளிருவாங்க" என்றார். லோயர் வேறு, அப்படி ஒரு கல்யாணம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்கு அந்த இடத்தில் எப்படி வாய் வந்ததோ தெரியாது. "சனிக்கிழம நாம போகலன்னா, அவரு சொன்னது குண்டாவே நின்னுடும். போய் அடிச்சிட்டு வந்தா அது பைலாப் பாட்டாயிரும். கீபோர்ட நான் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

செபஸ்தியன் மட்டும் சிரித்தார். மற்றவர்களுக்கு நான் கோயிலில் ஓர்கன் வாசிக்கிற மார்கிரட் அக்கா. கல்யாணத்தில் நான் வாசித்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை, நானும்தான்.

அடுத்த நாள் செபஸ்தியனும் நானும் தம்புள்ளைக்கு பஸ் ஏறினோம். கல்யாணப் பெண்ணின் தகப்பன் விமலசேன முதலாளிக்கு அதற்குள் செய்தி எட்டியிருந்தது. கடையில் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, வேறு பேண்ட் பார்த்துவிட்டேன், நீங்கள் போய்விடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என் புருஷன் தமிழில் 'அடிக்கிறோம்' என்று சொன்னார், அதைக் குண்டு வைப்பதாக எடுத்துவிட்டார்கள் என்றேன். உள்ளேயிருந்த அவருடைய மனைவி வெளியே வந்து, இதற்கா பிடித்தார்கள், நாமும் ஓர்கன் 'கஹனவா' என்றுதானே சொல்கிறோம் என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கும் அடிப்பது 'கஹனவா', ஓர்கன் வாசிப்பதும் 'கஹனவா'. இரண்டு பாஷைக்கும் ஒரே பழக்கம். சரி வாருங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்றார்.

இனி நான் பெருமை அடித்துக்கொள்ளப் போகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஷோ கீபோர்ட் பொலிசில் இருந்தது. அதில் ஒரு பொத்தானை அமத்தினால் பைலா தானாக ஓடும், நீங்கள் கூட்டத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். நான் கொண்டுபோனது ரெக்கோடிங் அறையில் மேசையை விட்டு அசையாத அந்தப் பெரியது. பியானோ மாதிரிக் கனம், தாளமும் இல்லை, பொத்தானும் இல்லை. இரண்டு பேர் தூக்கித்தான் வேனில் ஏற்ற வேண்டியிருந்தது. கல்யாண ஹோலுக்குப் போனால் அதற்கு ஸ்டாண்ட் இல்லை. பரிசு வைக்கிற மேசையைக் கேட்டு வாங்கினேன். பரிசுகளைக் கதிரைகளில் அடுக்கிக்கொண்டார்கள்.

கீழே பேஸ் ஸ்வரம் முழுவதும் என் இடது கை. மேலே வலது கையால் பாட்டு. செபஸ்தியன் ட்ரம்ஸில் என் இடது கையைப் பார்த்துப் பார்த்து அடித்தார். பெடல் இல்லாததால் என் கால் சும்மா தரையை மிதித்துத் தேடிக்கொண்டே இருந்தது.

சில்வெஸ்டர் முதல் பாட்டையே பயத்தில் அரைக் கட்டை சுருதி மேலே எடுத்துவிட்டார். நீங்களாக இருந்தால் சுருதி மாற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டிவிட்டு, வெள்ளைக் கட்டைகளிலேயே காலம் தள்ளியிருப்பீர்கள். கோபிக்க வேண்டாம், ஊருக்கே தெரிந்த விஷயம். நான் கொன்வென்டில் சிஸ்டரிடம் அடி வாங்கிப் படித்தவள். அவர் போன இடத்துக்குக் கறுப்புக் கட்டைகளில் ஏறி நானும் போனேன். இரண்டாவது வரியில் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்குக் குரல் வந்தது. (ஐயா, இந்தக் கடிதத்தில் சிஸ்டர் அடித்தது மட்டும் உண்மையான அடி. பிரம்படி. அதை நீங்கள் எப்படி எழுதினாலும் சரி.)

கடைசியில் ஹோலே எழும்பி ஆடியது. கல்யாணப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள். முதலாளி தோளில் சால்வையோடு ஆடினார். வீடியோக்காரப் பிள்ளையிடம் முதலே சொல்லி வைத்திருந்தேன், எங்களையும் மணமக்கள் பேர் எழுதிய பலகையையும் சேர்த்து எடுக்கச் சொல்லி. அது மாப்பிள்ளையைவிட என்னைத்தான் அதிகம் எடுத்திருக்கிறது. அந்த வீடியோவை லோயரிடம் கொடுத்தாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் லேனா, "அம்மா, தம்புள்ளையில அடிச்சீங்களா?" என்று கேட்டாள். ஆமாம், அடித்தோம் என்றேன். அடுத்த வீட்டு றமீஸா ராத்தா பயந்துபோய் எங்கள் இரண்டு பேர் வாயையும் பொத்தினார்.

தைரியமாக இருங்கள். தேவமாதா துணை.

உங்கள் அன்பு மனைவி,
மார்கிரட்


பலாபத்வல
30.09.2007

என் அன்புக் கணவருக்கு,

மார்கிரட் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. ரெக்கோடிங் அறைச் சுவரில் முட்டைத் தட்டுகளைத் திரும்ப ஒட்டிவிட்டோம். லேனா ஒட்டியது கொஞ்சம் கோணல், நீங்கள் வந்து சரி செய்யலாம்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். விமலசேன முதலாளி தானாகவே பொலிசுக்குப் போய், இவர்கள் என் மகளின் கல்யாணத்துக்கு அடிக்க வந்தவர்கள் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னதும் 'கஹனவா' தான். வீடியோவையும் போட்டுப் பார்த்தார்களாம். ஒரு பெரிய அதிகாரி இரண்டாம் தடவையும் போடச் சொன்னாராம். அது விசாரணைக்கா பாட்டுக்கா என்று லோயருக்கே தெரியவில்லை.

இனி பேண்ட் செய்தி. நாங்கள் யட்டவத்தயில் ஒரு கல்யாணம் செய்தோம். நாவுலயில் அறுவடை முடிந்த ஒரு விருந்துக்குப் போனோம். தை மாதம் வரை ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். "அந்த ஓர்கன் அடிக்கிற நோனா வருவாவா" என்று கேட்டுத்தான் பேண்டைப் பிடிக்கிறார்களாம். அந்த நோனா, அந்த அம்மா, நான்தான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. செபஸ்தியன் இப்போது என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார். முதலில் கிண்டலுக்குத்தான் தொடங்கினார், இப்போது மறந்துபோய் உண்மையாகவே கூப்பிடுகிறார்.

ஆனால் ஒன்று. பயத்தில் எல்லோரும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். போனில் யாரும் அடிக்கிறோம் என்று சொல்வதில்லை. "ஞாயித்துக்கெழம நாவுலயில வாசிக்கிறோம்" என்று சில்வெஸ்டர் சொல்வதைக் கேட்டால், பூசையில் முதலாம் வாசகம் வாசிக்கப் போகிற மாதிரி இருக்கிறது. நான் மாற்றவில்லை. நீங்கள் சொன்னதில் பிழை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள், அந்தச் சொல்லை நானே ஒளித்து வைத்தால் என்ன அர்த்தம்? பஸ்ஸிலும் அடிக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வெல்டிங் கடையில் இரண்டு தட்டு ஸ்டாண்ட் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். கீழ்த்தட்டில் என் பெரியது. மேல்தட்டு உங்கள் கீபோர்டுக்கு. அளவு தெரியாமல் எப்படிச் செய்வது என்று கடைக்காரர் கேட்டார். என் கையை விரித்துக் காட்டினேன். உங்கள் கீபோர்டின் நீளம் என் கைக்குத் தெரியும்.

இனி கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வழக்குத் தவணைக்கு முன் விடுதலைக்குக் கேட்கலாம் என்றுதான் லோயர் சொல்கிறார். ஒன்றே ஒன்றுதான் குறுக்கே நிற்கிறதாம். நீங்கள் தமிழில் கொடுத்த வாக்குமூலத்தில் 'அடிக்கிறோம்' என்பதை சிங்களத்தில் 'பஹர தெனவா' என்று எழுதியிருக்கிறார்களாம். தாக்குதல் நடத்துவது என்று அர்த்தம். நீங்களும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதை எழுதியவரே திருத்தினால்தான் மேலே உள்ளவர்கள் ஏற்றுக்கொள்வார்களாம். எழுதியவரும் இந்தக் கடிதங்களைப் படிக்கிறவரும் ஒரே ஆள் என்று லோயர் சொன்னார்.

ஆகையால் இந்தப் பந்தி உங்களுக்கு, ஐயா. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் தமிழ் படித்தவர். நீங்கள் படித்த பள்ளிக்கூடத்திலும் மணி அடித்திருக்கும். உங்கள் ஊரிலும் மேளம் அடித்துத்தான் கல்யாணம் நடந்திருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் எந்த அர்த்தம் முதலில் உங்கள் மனசுக்கு வந்ததோ, அதை எழுதுங்கள். அவசரத்தில் எழுதியிருப்பீர்கள், பக்கத்தில் யாராவது நின்றிருப்பார்கள், நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் மற்ற எதை விட்டாலும் பரவாயில்லை. வாக்குமூலத்தில் அந்த ஒரு இடத்தில் 'கஹனவா' என்று போட்டுவிடுங்கள். எங்கள் பிள்ளைக்கு அப்பா வேண்டும்.

ஏங்க, உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. வார்த்தைகள் உங்களுடையவை, கையெழுத்து வேறொருவருடையது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரலின் மை அடையாளம் இருந்தது. நான் லேனாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று உங்களிடமும் கேட்கவில்லை, பதில் எழுத வேண்டாம். உங்கள் வலது கையை நினைத்து ஒரு நாள் முழுக்க அழுதேன். பிறகு எழும்பிப் போய் அந்தப் பெரியதில் உட்கார்ந்து, மேலே பாட்டை மட்டும் அடித்துப் பார்த்தேன். இடது பக்கத்தை விட்டுவிட்டு.

எவ்வளவு இடம் இருக்கிறது தெரியுமா? பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு நீங்கள் உட்காரலாம். பேஸுக்கு இடது கை போதும். நீங்கள் வாருங்கள், எப்படியென்றாலும் வாருங்கள். வலது கை நான்.

என்றும் உங்கள்,
மார்கிரட்