பொட்டு அழிந்த பெட்டிகள்

என் செல்லச் சண்டைக்காரி கௌரி அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய். இங்கேதான் உன் சர்வர்களுக்கு மூச்சில்லை. பதறாதே, உனக்கும் சேர்த்து நானே பதறிக்கொண்டிருக்கிறேன்.

டிங்கிக் கொசுக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் இடத்துக்கு யாரையும் போடவில்லை. கிள்ளான் துறைமுகத்து ஆபீஸில் நீ விட்டுப்போனபடியே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குக்கு ஒரு சர்வர் கம்ப்யூட்டர், கப்பல் சரக்குப் பேப்பருக்கு ஒரு சர்வர், அவற்றின் ஃபைல்களைச் சுமக்கிற டிஸ்க் பெட்டிகள். எந்தப் பெட்டி எந்த சர்வரோடு சேரும் என்பதற்கு நீ வைத்திருந்த ஒரே டாக்குமென்ட் ஒட்டுப் பொட்டு! வயர் முனையில் ஒன்று, அது போய்ச் சொருகும் துளைக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒன்று. வட்டத்துக்கு வட்டம், சொட்டுக்குச் சொட்டு, பாம்புக்குப் பாம்பு.

"என்னக்கா, சர்வருக்கு ஜாதகப் பொருத்தம் பாக்குறியா?" என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"ஆமாலா. உனக்குத்தான் எந்த ஜாதகமும் பொருந்தாது" என்றாய்.

இன்று ஆயுத பூசை. ஆபீஸே பளபளவென்று இருக்கவேண்டும் என்று கிளார்க் லெட்சுமி அக்கா நேற்றே எல்லா வயரையும் உருவிப் போட்டு, பெட்டிகளைத் துடைத்திருக்கிறார். உன் பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கோபப்படவும் முடியவில்லை அக்கா. பாவம், அழுதுகொண்டே நின்றார். "சாமி முன்னால அழுக்குப் பொட்டோட எப்படிம்மா வைக்கிறது?"

பூசை முடிந்து முதலாளி அங்கிள் பெட்டிகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்த பிறகுதான் நம் வீட்டுக்கு போன் வந்தது. பள்ளி விடுமுறையெல்லாம் உன் பின்னால் சுற்றியவள் நான் ஒருத்திதானே. எனக்குத் தெரிந்த சர்வர், தோளில் துண்டோடு தோசை கொண்டுவருபவர் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கிள் சிரிக்கவில்லை.

உன் அலமாரியை அம்மா இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை. நான் பொட்டு அட்டைகளைக் கேட்டதும், எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய்ச் சேரும்வரை ஒரே யோசனை. புதுப் பொட்டு கையில் இருக்கிறது, சரி. எங்கே ஒட்டுவது?

"வாலு, இன்னிக்கு வால ஆட்டாத" என்றார் அங்கிள், நான் நுழைந்ததுமே.

"வீட்லயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டேன் அங்கிள். டேப்ல ஃபைலுக்கெல்லாம் காப்பி இருக்குமே?"

"கௌரி போனப்புறம் யாரும்மா எடுத்தா? வெளியாள் ஒருத்தன கூப்பிட்டுக் கேட்டேன். தெரியலன்னா எல்லாத்தயும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம் பாஸ்ங்கிறான். கப்பல் பேப்பர் போச்சுன்னா கடையச் சாத்த வேண்டியதுதான்லா."

பெட்டி மாறிப்போனால் சர்வருக்கு அதை அடையாளம் தெரியாது. 'புது டிஸ்க்கா? துடைத்துவிடட்டுமா?' என்று கேட்கும். யாராவது 'சரி' என்று அழுத்திவிட்டால் முடிந்தது கதை. நீ சொன்னதுதான். இதை மட்டும் ஏன் நான் மறக்கவில்லை?

ஒரு பெட்டியின் குங்குமத்தை விரலால் ஒதுக்கினேன்.

"ஐயோ! சாமிக்கு வெச்சத அழிக்கிறியே!" என்று லெட்சுமி அக்கா கத்தினார்.

"அழிக்கலக்கா. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்றேன்."

அங்கே இருந்தது! ஜன்னல் வெயிலில் பெட்டியெல்லாம் பழுப்பேறிவிட்டது. உன் பொட்டு இருந்த இடம் மட்டும் வெள்ளை. ஒரு சொட்டு. வயர் முனையிலும் அதே சொட்டு. சிவப்பா பச்சையா என்று தெரியவில்லை, வடிவம் மட்டும் நின்றிருந்தது. வட்டங்கள்தான் படுத்தின, பெரிதும் சிறிதுமாக. உன் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். வயர் முனையிலும் துளைப் பக்கத்திலும் ஒரே பொட்டு தடம் தெரியாமல் மூடினால் அதுதான் ஜோடி. லெட்சுமி அக்கா டார்ச் பிடித்தார். எல்லா வயரையும் சொருகிவிட்டோம். ஆனால் பூசை வைத்த மிஷினை இன்றைக்கு இயக்கக்கூடாதாம். நாளைக் காலை விஜயதசமிக்குத்தான் சுவிட்ச்.

அதுவரை எனக்குச் சோறு இறங்காது. ஏனென்றால் ஒரு தடம் மிச்சம்.

கப்பல் சர்வரின் பக்கவாட்டில், மிகச் சின்ன வட்டம். அதற்கு ஜோடி இல்லை, பக்கத்தில் துளையும் இல்லை. மேசைக்கு அடியில் தேடினேன், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். ஒரு வயர் தொலைந்துவிட்டதா? எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் குறித்துவைத்திருந்தாயா?

வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனேன். குளியலறைக் கண்ணாடியில் நீ முகம் கழுவும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிய பொட்டுகள் அப்படியே இருக்கின்றன. அம்மா அவற்றைச் சுற்றித்தான் கண்ணாடியைத் துடைக்கிறார். அதே சின்ன வட்டம். ஆபீஸில் மதியம் முகம் கழுவப் போகும்போதும் அப்படித்தான் கழற்றி, கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டினாயா? அது வயர் இல்லை, நீதானா?

அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால்?

இப்போது எல்லாவற்றையும் கிராஃப் தாளில் வரைந்து முடித்துவிட்டேன். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுத்தில், கண் இருப்பவர் யாருக்கும் புரிகிற மாதிரி. ஒரு பிரதி ஆபீஸ் சுவரில் தொங்கும், ஒன்று முதலாளியிடம், ஒன்று உன் அலமாரியில். கடைசி வரி இது: "சின்ன வட்டம். வயர் கிடையாது. துடைக்காதீர்கள்."

நாளைக் காலை அங்கே நான் நிற்பேன் அக்கா. திரை என்ன கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், யாரையும் 'சரி' என்று அழுத்த விடமாட்டேன். இது விளையாட்டு இல்லை, சத்தியம்.

நெற்றியில் உன் அட்டையின் கடைசிச் சின்ன வட்டத்தோடு,
உன் கூடப்பிறந்த வாலு