ஆயுத பூஜையன்று பொட்டு வைத்த கேமரா

என் வசந்தி அக்காவுக்கு,

இவ்வளவு நேரங்கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிள்ளைகள் இரண்டும் இப்போதுதான் கண் அசந்தன. நீ இருந்தால், "பிள்ள தூங்குறப்பவே நீயும் படுத்துர வேண்டியதுதானடி, பேயா நீ?" என்று அதட்டியிருப்பாய். படுத்தால் தூக்கம் வரவில்லை அக்கா.

காலையில் போன் போட்டு மிளகாய் வற்றல் கொடுத்துவிடுகிறேன் என்றவள், மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். திருவாதவூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கார் ஒத்தக்கடையைத் தாண்டவில்லை. முப்பத்திரண்டு வயதில் நெஞ்சுவலி வருமா? எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. வற்றல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவள் மாதிரிதான் இருக்கிறேன்.

உன் அபி இப்போது திருப்பரங்குன்றத்தில் என்னோடு இருக்கிறாள். அத்தான் வயலைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். என் பையனுக்குக் கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது. அபி விரலைக் கொடுத்துக் கடிபட்டுவிட்டு, "சித்தி, இவன் எலி!" என்று கத்துகிறாள். நான்கு வயது. நன்றாகத்தான் சிரிக்கிறாள்.

ஆனால் உன் பதினாறாம் நாள் அன்று ஒன்று நடந்தது. மாலை போட்டு வைக்க உன் படம் ஒன்றும் கிடைக்காமல், கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பவுடரும் நெற்றிச்சுட்டியுமாகக் குனிந்திருக்கும் அந்தப் படம். அபி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சித்தி, இந்த அக்கா யாரு?"

"உங்கம்மாடி" என்றேன். "எங்கம்மா இப்பிடி இருக்காது" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்தேன். அதில் இருப்பது நீதான் என்று உன் பெயரைப் படித்தால்தான் தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கு எத்தனை மாதம் ஒரு முகம் ஞாபகமிருக்கும் அக்கா? எனக்கு என் நான்கு வயதில் ஒரு முகமாவது நினைவிருக்கிறதா? அப்போதுதான் உன் கேமரா ஞாபகம் வந்தது.

உன் கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அந்தக் குட்டி டிஜிட்டல் கேமரா. ஊரில் யார் வீட்டுக் காதுகுத்துக்கும் நீ அதை இடுப்பில் சொருகிக்கொண்டு போவாய். யாருடைய கேமரா மக்கர் செய்தாலும் உனக்குத்தான் போன் வரும். இப்போது உன் கேமராவே மக்கர், நான் யாருக்குப் போன் போடுவது?

உங்கள் வீட்டிலிருந்து அதை இங்கே எடுத்துவந்தேன். முதலில் உயிரே இல்லை. தெருமுனைக் கடையில் பென்சில் பேட்டரி வாங்கிப் போட்டேன். 'டிங்' என்றது, செத்தது. இன்னும் ஒரு ஜோடி. அதுவும் அப்படியே. பிறகுதான் உன் குரல் காதில் கேட்டது: "கடிகாரத்துக்குப் போடுற கட்டைய இதுல போடாதடி, இது கரண்ட்டக் குடிக்கிற சாமான். சார்ஜ் ஏத்துற கட்டை வேணும்." அத்தானிடம் சொல்லி, உங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் கிடந்த சார்ஜரைக் கொண்டுவரச் சொன்னேன்.

சார்ஜ் ஏறிய பிறகு லென்ஸ் பாதி வெளியே வந்தது. கர்ரென்று ஒரு முனகல். திரும்ப உள்ளே போய்விட்டது. திரையில் லென்ஸ் கோளாறு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கையேட்டைத் தேடினால், பொத்தானை அணைத்துவிட்டு மறுபடி போடு என்கிறது. போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் அக்கா நான்.

காளவாசலில் ஒரு கேமராக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏக்கா, இதுல என்னத்த அப்பி வச்சிருக்கீக? மஞ்சமஞ்சேருன்னு இருக்கு?"

"சந்தனமாண்ணே?"

"கேமராவுக்குப் பொட்டா! நல்ல வேள, மால போட்டுத் தேங்கா ஒடைக்கல. கம்பெனிக்குத்தான்க்கா அனுப்பணும். அதுக்கு ஆகுற செலவுல புதுசே வாங்கிரலாம்."

"உள்ள இருக்குற படம்ணே…"

"கார்டு தனியா இருக்கு, படம் இருந்தா அதுல இருக்கும். ஆனா எங்கிட்ட இதப் படிக்கிற மிஷின் ரிப்பேரு." கார்டை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகிக் கொடுத்தார்.

ஞாயிறு அத்தானிடம் கேட்டேன். மனுஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆயுத பூசைக்கு மோட்டாருக்குப் பொட்டு வச்சேன், பைக்குக்கு வச்சேன், அருவாமனைக்கு வச்சேன். அவ கேமராவுக்கு மட்டும் வைக்காம விட்டா கோவிச்சுக்குவான்னு நடுவுல பெருசா வச்சேன். 'கண்ணுக்குள்ளயா பொட்டு வைப்பீக?'ன்னு அன்னைக்கு அம்புட்டு சத்தம் போட்டா உங்கக்கா. அறுப்பு முடியட்டும், தொடச்சுக்குறேன்னா."

அவரே கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டார். நான் பிள்ளைக்குக் காது துடைக்கிற பஞ்சுக் குச்சியையும் ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷையும் எடுத்தேன். லென்ஸைச் சுற்றி முடி அளவு இடுக்கு. அதில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, தட்டித் தட்டி, பொடிப் பொடியாக எடுத்தோம். பொத்தானை அமுக்கினேன். முனகியது. நின்றது. பிறகு முழுதாக வெளியே வந்துவிட்டது அக்கா! அத்தான் சின்னப் பையன் மாதிரி கைதட்டினார்.

தேதி கேட்டது. ரொம்ப நாள் உயிரில்லாமல் கிடந்ததால் மறந்துவிட்டதாம். நீ பார்க்காத ஒரு தேதியை நான் போட்டேன். படம் பார்க்கும் பொத்தானை அமுக்கினால், படம் எதுவும் இல்லை என்றது. அழித்துவிட்டோமோ? சந்தனப் பொடி உள்ளே இறங்கிவிட்டதோ? அத்தான்தான், "கார்டு சரியா உக்காந்திருக்கா பாரு" என்றார். எடுத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். வந்தன. நூற்றுக்கணக்கில் வந்தன.

ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அபி, அத்தான், நான், என் வயிறு, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி, யார் யாரோ வீட்டுக் காதுகுத்து, கிடா விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊர். தள்ளிக்கொண்டே போனேன். கடைசிப் படம் வந்து, திரும்ப முதல் படம் வந்துவிட்டது.

நீ இல்லை அக்கா. ஒன்றில்கூட இல்லை.

எப்படி இருப்பாய்? யார் கேட்டாலும் கேமராவைக் கொடுக்கமாட்டாய். "நீங்க எடுத்தா ஆடிப்போகும், போய் நில்லுங்க" என்று எங்களையெல்லாம் வரிசையில் விரட்டுவாய். என் வளைகாப்புக்கு மட்டும் டைமர் வைத்துவிட்டு ஓடிவந்தாய். அந்தப் படம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறோம். நடுவில் உன் முதுகும் கலங்கலாய்த் தெரியும் மல்லிகைச் சரமும்.

அத்தான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அபி வந்து என் மடியில் ஏறிப் பொத்தானை அமுக்கி விளையாடினாள். களத்தில் தான் நிற்கும் ஒரு படம் வந்ததும் அமுக்குவதை நிறுத்தினாள். காலை வெயில் உன் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. இரண்டு முழங்கையும் தூக்கிய நீளமான ஒரு நிழல், தரையில் அவள் காலடிவரை விழுந்திருக்கிறது. தன் முகத்தை விட்டுவிட்டு அந்த நிழல்மேல் விரலை வைத்தாள்.

"அம்மா" என்றாள். "சித்தி, அம்மா இங்க நிக்கிது."

அவளுக்கு உன்னைத் தெரிகிறது அக்கா. இன்னும் தெரிகிறது. ஆனால் முகம்?

அன்று மாலையே என் வீட்டுக்காரர் கையில் கேமராவைக் கொடுத்து, பிள்ளைகளோடு என்னையும் எடுக்கச் சொன்னேன். ஆடிப்போனாலும் பரவாயில்லை. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: உன் முகம் கிடைக்கும்வரை தேடுவேன். கிடைத்ததும் அபியின் கையில்தான் முதலில் கொடுப்பேன்.

அதனால்தான் இதை அச்சில் போடக் கொடுக்கிறேன். திருவாதவூர், ஒத்தக்கடைப் பக்கம் விசேஷ வீடுகளில் வசந்தி அக்கா உங்களைப் படம் எடுத்திருப்பாள். உங்களில் யாராவது, ஒரே ஒரு தடவை, உங்கள் கேமராவை அவள் பக்கம் திருப்பியிருக்கலாம். பந்தியில் ஒரு ஓரமாக, பாதி முகமாக இருந்தாலும் போதும். இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

உன் தங்கச்சி, அபிக்குச் சித்தி,
அமுதா