ஒரே பெயரில் வந்த மூன்று விருந்தாளிகள்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். உன் அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி, அதுவும் மாடிப்படி ஏறும்போதுதான் வருகிறது, சீட்டாடப் போகும்போது வருவதில்லை. கடிதம் எழுத அவனுக்கு உடம்பு வளையாது என்பதால் நீ அவனுக்கு எழுதியதற்கு நானே பதில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் கோப்பையிலும் கேடயத்திலும் எழுத்துப் பொறிக்கிற தொழில், என்னைவிட அதிகம் எழுதியவன் இந்த ஊரில் கிடையாது. உன் புகைப்படக் கண்காட்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது, உன் பெயரிலேயே அங்கே பெரிய புகைப்படக்காரி ஒருத்தி இருப்பதால் அழைப்பிதழ் அச்சாகும் முன் வேறு பெயர் சொல்லச் சொல்கிறார்கள், மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பெயரை உனக்கு வைத்தவன் நான். உன் அம்மா வேறொன்றை யோசித்து வைத்திருந்தாள், ஆஸ்பத்திரியில் நான் பேசிய பேச்சில் நர்சுகளே கைதட்டி என் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே பதில் சொல்ல வேண்டியவனும் நானே.

உன் கடிதம் வந்த வாரம்தான் இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் நூலக மன்றத்துக்கு ஆண்டு விழா, பேர் வாங்கிய யாரையாவது அழைத்துக் கோப்பை கொடுப்பதாகப் பேச்சு. கடலை நீந்திக் கடந்தாளே, உன் பெயர்க்காரி, அவளை மனதில் வைத்து நான் பெயரைச் சொன்னேன். சொன்னதுமே செயலாளர் தலையாட்டினார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் தலையாட்டினார். மின்விசிறி வாங்கலாமா என்பதற்கே மூன்று கூட்டம் போடுகிற மன்றம், அன்றைக்கு டீ ஆறுவதற்குள் ஒருமனதாகத் தீர்மானம். எல்லாம் என் வாய்ச் சாமர்த்தியம் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு பார்த்தால் செயலாளர் நினைத்தது ஒரு கண் டாக்டரை, வாத்தியார் நினைத்தது வானொலியில் செய்தி வாசிக்கிற அம்மாவை. மூன்று பேருக்கும் ஒரே பெயர். எங்கள் மன்றத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை, கேட்டால் இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஆகிவிடும் பார். அழைத்த பெருமை தனக்கே வரட்டும் என்று ஆளுக்கு ஒருத்தியைச் சத்தமில்லாமல் போய் அழைத்துவிட்டோம்.

விழாவுக்குப் பத்தாயிரம் பேர் வந்திருந்தார்கள், நாற்காலிதான் அறுபது. செயலாளர் மைக்கில் பெயரைச் சொன்னார், முன்வரிசையில் மூன்று பேர் எழுந்தார்கள். வாத்தியார் என்னைப் பார்க்கிறார், நான் செயலாளரைப் பார்க்கிறேன், மேடையில் இருப்பதோ ஒரே கோப்பை. நல்லவேளை அதில் வெறும் பெயரை மட்டும் பொறித்திருந்தேன், யாருக்கும் பொருந்தும். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல். கடைசியில் கோப்பை நீச்சல்காரிக்கு, பூங்கொத்து டாக்டருக்கு, செய்தி அம்மாவுக்குப் பேச மைக்கைக் கொடுத்தோம், திரும்ப வாங்கத்தான் ஒருவராலும் முடியவில்லை.

விழா முடிந்து மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். அவர்கள் செய்த முதல் காரியம், ஒருவரை ஒருவர் கையெழுத்துப் போடச் சொல்லிப் பார்த்ததுதான். அதே பெயர் ஒரு தாளில் சாய்ந்து ஓடுகிறது, ஒன்றில் நிமிர்ந்து நிற்கிறது, டாக்டருடையது படிக்கவே முடியவில்லை. எனக்கு வந்த ஆச்சரியத்தில் டீயைக் குடிக்க மறந்துவிட்டேன். “எனக்கு வர்ற லெட்டர்ல பாதி கண்ணு உறுத்துதுன்னுதான் வருது” என்றாள் நீச்சல்காரி. டாக்டர் விடுவாரா, “எங்கிட்ட ஒருத்தர் மகளை நீச்சல் உடுப்போடவே கூட்டிட்டு வந்துட்டார், வந்ததுதான் வந்தீங்கன்னு கண்ணைச் சோதிச்சா நிஜமாவே கிட்டப்பார்வை” என்றார். உன் சங்கதியை எடுத்து வைத்தேன். செய்தி அம்மா பெயரை மாற்றியே பார்த்தவராம். “வேற பேர்ல கொஞ்ச காலம் வாசிச்சேன், கேக்கறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ஒருநாள் ஆபீஸ்ல அந்தப் புதுப் பேரைச் சொல்லிப் பரிசு அறிவிச்சாங்க, நானும் எல்லாரோடயும் சேர்ந்து கைதட்டிக்கிட்டே, யாரு அந்தப் புண்ணியவதின்னு பின்னாடி திரும்பிப் பாக்கறேன். எனக்குத்தான் பரிசு” என்றார். மறுநாளே பழைய பெயருக்கு வந்துவிட்டாராம். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை, “அது உங்க ஞாபக மறதிங்க, என் தங்கச்சி பேரை மாத்திக்கிட்டு ஜோரா இருக்கா” என்றார். “தண்ணிக்குள்ள யாரும் பேரு கேக்கறதில்ல, கரையேறினாத்தான் இந்த வம்பு” என்றாள் நீச்சல்காரி. பஞ்சாயத்து அதோடு கலைந்தது.

மாற்றாதே என்று ஒரே போடாகப் போடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன் நூலகத்தில் அந்தப் புகைப்படக்காரியின் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். நன்றாகத்தான் எடுக்கிறாள், எல்லாம் மலையும் பனியும், மருந்துக்கும் ஒரு ஆள் இல்லை. நீ எடுப்பதோ வேலை விட்டு வருகிறவர்கள் முகம். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே தூங்குகிற அந்தத் தையற்காரரை அவள் ஏழு ஜென்மம் எடுத்தாலும் எடுக்கமாட்டாள். ஆகவே அவளுக்குப் பயந்து மாற்றாதே. பிடித்து மாற்றுவதானால் மாற்றிக்கொள், வைத்ததோடு என் வேலை முடிந்தது, கூப்பிட்டால் திரும்ப வேண்டியவள் நீ.

ஒன்று மட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்குப் போன் போட்டுச் சொல். உன் பெரியம்மா இன்றைக்கும் காலையில் உன் அறையைத் தாண்டும்போது வாய் தவறி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், அப்புறம் ஒன்றும் நடக்காதது மாதிரி போய்விடுகிறாள். புதுப் பெயர் என்றால் அவளுக்கு நான்தான் சொல்லிப் பழக்க வேண்டும். அவள் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள், எனக்குத்தான் நாளாகும்.

நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நன்றாக இரு. குளிர்காலம் வருகிறது, காதை மூடாமல் வெளியே போகாதே. அழைப்பிதழில் எனக்கு ஒரு கட்டு அனுப்பு, வாத்தியாருக்கு ஒன்று போதும்.

நீ எந்தப் பெயரில் இருந்தாலும்,
உன் பெரியப்பா