முன் ஆக்ஸிலில் தண்ணீர்

2 ஜனவரி 1974, பெரும்பாக்கம்

மறுபடியும் தண்ணி! டிராக்டரின் முன் சக்கரத்து நடுவில் இருக்கும் ஹப்பைத் திறந்தால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பேரிங் துரு. அப்பா கத்தினார்: “உன் பேச்சைக் கேட்டு மாட்டை வித்தேன். பொங்கல் வரைக்கும் பாப்பேன். அப்பால தோத்தாத்ரிக்கே தள்ளிடுவேன்.”

கீழ்க்கட்டளை தோத்தாத்ரி வண்டிக்கு விலை கேட்டுக்கொண்டே இருக்கிறார். விடுவேனா? என் வண்டி!

5 ஜனவரி

தாம்பரத்து மெக்கானிக் தனசிங் அண்ணன் புது ரப்பர் சீல் கொடுத்தார். “சொட்டுத் தண்ணி நுழையாது தம்பி.” வண்டி ஓட்டுவது என் மச்சான் ராஜகோபால். அவனும் நானுமாக ரெண்டு பக்கமும் மாட்டினோம். ஆனந்தம் தாங்காமல் வயலில் ஒரு சால் நானே ஓட்டினேன்.

8 ஜனவரி

ரெண்டு பக்கமும் தண்ணி. சே!

9 ஜனவரி

ஆபீசில் வேலையே ஓடவில்லை. வயல் தண்ணி என்றால் சேறும் வந்திருக்கணுமே? கிரீஸில் துளி மண் இல்லை. அப்போ — எந்தத் தண்ணி?

10 ஜனவரி

பிடிச்சிட்டேன்! அரை நாள் லீவு போட்டு வந்து பார்த்தால், ரோட்டில் ஓடி வந்த வண்டியை மச்சான் நேரே ஏரிக்குள் இறக்குகிறான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைக்கோலால் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது யாரு? எங்கப்பா! தினமும் இதுதானாம். “மாமாதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு, மச்சான்” என்கிறான் இவன்.

கொதிக்கிற ஹப் சில்லென்ற தண்ணியில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், சீல் ஓரமாகத் தண்ணியை இழுத்துக்கும். கத்தினேன். பாதிக் கத்தலில் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கோபம். “மாட்டைக்கூட வேர்வை அடங்காம தண்ணில எறக்க மாட்டோம். இதுக்கும் அப்படித்தான்னு சொல்றதுக்கு இன்னாடா?”

13 ஜனவரி

வேறு சீல், புது கிரீஸ் போட்டு, சூடு ஆறின பிறகே ஏரியில் இறக்கி, மூன்று நாள் ஓட்டித் திறந்தோம். போட்டது போட்ட மாதிரியே இருக்கு! குதித்தேன். ஆனால் பொங்கலுக்கு வந்து விலை பேசச் சொல்லி தோத்தாத்ரிக்குச் சொல்லியனுப்பியதை அப்பா இன்னும் மாற்றவில்லை.

15 ஜனவரி

காலையிலேயே தோத்தாத்ரி வந்துவிட்டார். அப்பா டிராக்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பியே பார்க்கவில்லை.

“மாட்டுப் பொங்கலும் அதுவுமா வந்து வூட்டு மாட்டை வெலை கேக்குறியே, நல்லாவா கீது?”

அம்மா கொடுத்த வடையைத் தின்றுவிட்டு தோத்தாத்ரி சைக்கிளில் ஏறிப் போனார்.