'மஞ்சள் ஹெல்மெட்' இப்போது ரெண்டு கட்டை கீழே

ஜனவரி 8

'டோரீன்: தேர்ந்த பன்னிரண்டு' என்று என் பழைய பாட்டு ஆல்பத்துக்குக் கம்பெனியில் பெயர் வைக்கிறார்களாம். பரீட்சையில் பாஸானவள் மாதிரி இருக்கிறது. 'டோரீன் ஹிட்ஸ்' போதும் என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு ஹிட்ஸ் ஆல்பம் போடுகிறார்கள் என்றால் சும்மாவா? சாயங்காலத்துக்குள் எங்கள் ஏரியா ஆஸ்டின் டவுன் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன்.

ஜனவரி 15

ஒரு சிக்கல். மற்ற பாட்டெல்லாம் பழைய டேப்பில் நன்றாக இருக்கிறதாம். எனக்குப் பெயர் வாங்கித் தந்த 'மஞ்சள் ஹெல்மெட்'டில் மட்டும் வாத்தியம் பிழைத்திருக்கிறது, என் குரல் கெட்டுப்போயிருக்கிறது. அதே இசைக்கு மறுபடி பாட வேண்டும்.

"அந்தப் பாட்டு இல்லாம ஆல்பம் வராது மேடம்," என்றான் கம்பெனி ஹரிஷ். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாராவாரம் ஏதாவதொரு ரிசப்ஷனில் அதைத்தானே பாடுகிறேன்! கீபோர்டு வாசிக்கிற என் தம்பி க்ளென் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்ல ஒரு தடவ பாடிப் பாத்துட்டுப் போலாமேக்கா," என்றான். பயந்தாங்கொள்ளி.

ஜனவரி 22

வரவில்லை. ஸ்டுடியோவில் குரல் வரவில்லை.

பல்லவி எப்படியோ போயிற்று. சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் உடைந்தது. மறுபடி. மறுபடியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹரிஷ் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். போன சனிக்கிழமைகூட இதே பாட்டைப் பாடினேனே!

ஆட்டோவில் க்ளென் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ பாடறது அந்த சுருதி இல்லக்கா. ஒன் தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு கட்ட எறக்கித்தான் வாசிக்கிறேன். கீபோர்டுல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. விரல் பழைய எடத்துலயே போகும், சத்தம் மட்டும் கீழ வரும். நீ பாத்தாலும் தெரியாது."

ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வருஷம். ஆறு வருஷமா ஏமாத்தியிருக்கான். பாவி!

ஜனவரி 23

அவனோடு பேசவில்லை.

ஜனவரி 25

ஏன்டா சொல்லல என்று கேட்டேன். "சொன்னா பாடறத நிறுத்திடுவ," என்றான்.

நிறுத்தியிருப்பேனா? — நிறுத்தியிருப்பேன். அதனால்தான் இன்னும் கோபம் வருது.

ஜனவரி 28

ஹரிஷ் வழி சொன்னான். "கீழயே பாடுங்க மேடம், கம்ப்யூட்டர்ல சுருதிய ஏத்திக்கலாம்." ஏற்றியும் காட்டினான். பேட்டரி போட்ட பொம்மை பாடுகிற மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொன்னான்: "இல்லேன்னா லாவண்யான்னு ஒரு பொண்ணு இருக்கா. அப்படியே உங்க பழைய வாய்ஸ். பேரு உங்களதுதான் போடுவோம்."

என் பேருல இன்னொருத்தியா? அந்தப் பொண்ணுக்குப் பேரு கிடையாதா?

"அந்த டேப்ப தூக்கிப் போடுங்க," என்றேன். "என் சுருதியில என் தம்பி வாசிப்பான், நான் பாடுவேன். புடிக்கலேன்னா ஆல்பமே வேணாம்."

"சென்னை ஆபீஸ் ஒத்துக்கணுமே மேடம்..."

"ஒத்துக்கச் சொல்லு."

பெரிசாப் பேசிட்டு வந்துட்டேன். வீட்டில் காபிக்கு ரெண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டேன். நிஜமாவே வேணாம்னுட்டா?

பிப்ரவரி 6

பாடி கம்பெனிக்கு அனுப்பியாச்சு. க்ளெனின் கீபோர்டு, நான், அவ்வளவுதான். தாளத்தையும் குறைத்துவிட்டோம். முன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு தாவிய இடத்தில் நின்று நிதானமாகப் பாடினேன். குரலில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, இருக்கட்டும். நல்லா இருந்துச்சு. நானே சொல்லிக்காம வேற யாரு சொல்லுவா?

பிப்ரவரி 19

கம்பெனியிலிருந்து பேச்சு மூச்சில்லை. போனை நான் எடுத்துப் பார்ப்பதை க்ளென் பார்க்கிறான்.

மார்ச் 3

ஒத்துக்கொண்டார்கள்! ஆனால் கடைசிப் பாட்டாகப் போடுகிறார்களாம், யார் கண்ணிலும் படாத இடத்தில். போடட்டும். என் குரல்தானே வரப்போகிறது.

ஏப்ரல் 26

ஆல்பம் வந்து பத்து நாளாகிறது. இன்று ஜோகுபாளையத்தில் ரிசப்ஷன், தவக்காலமும் ஈஸ்டரும் முடிந்து முதல் கல்யாணம். 'மஞ்சள் ஹெல்மெட்' என்று அறிவித்ததும் எப்போதும்போல் ஆடுவதற்கு எழுந்தார்கள். க்ளென் பழைய வேகத்தில்தான் ஆரம்பித்தான். மணப்பெண் சிந்து கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கே ஓடி வந்துவிட்டாள்.

"இது இல்ல ஆன்ட்டி. ஆல்பத்துல கடைசியா இருக்கே, அது."

பாடினேன். யாரும் ஆடவில்லை. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டார்கள். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பாட்டுக்கு ஆடிய கூட்டம் இன்றைக்குத்தான் என்னைக் கேட்டது.

முடித்ததும் ஒன்ஸ் மோர் என்றார்கள். பாடினேன்.