மறுபாதி உங்களுடையது

ஜெனிட்டா அப்பா,

நல்ல தூக்கம், எழுப்பவில்லை. சோறு குக்கரில். சாளை மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வீடு வீடாகப் போகும் செபமாலை மாதா சொரூபம் இன்று நம் வீட்டுக்கு வரும் முறை. பக்கத்துச் சால் குடியிருப்பிலிருந்து அழைத்துவரப் போகிறேன். மேசையில் உங்கள் பைபிளை நகர்த்தவில்லை. மாதா அதன் பக்கத்தில் இருப்பாள்.

காலையில், "ஏளா, ஆண்டவர் இருக்கையில அவரு அம்மாகிட்ட எதுக்கு மனு?" என்றீர்கள். கோபத்தில் பாத்திரம் துலக்கப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். பிக்னிக் போக ஜெனிட்டா என்னிடம்தானே வருவாள், "அப்பாட்ட நீ சொல்லும்மா" என்று? அதனால் நான் அப்பாவாகிவிட்டேனா?

மாதாவை வணங்காத அந்தக் குர்லா சபைக்கு நீங்கள் போகத் தொடங்கியதிலிருந்து செபமாலையில் முன்பாதி "அருள் நிறைந்த மரியாயே"வும் நானே, பின்பாதி "அர்ச்சிஷ்ட மரியாயே"வும் நானே. கல்யாணமான நாள் முதல் அந்த மறுபாதி உங்களுடையது. ஓர் ஆளே கேட்டு, ஓர் ஆளே பதில் சொன்னால் அது பேச்சா?

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஷைஸ்தாவிடம் கொடுங்கள். போகாமல் இருந்தால் நல்லது.

வியாகுலம்

இன்னொன்று: முழங்கால் போட வேண்டாம், சொல்லவும் வேண்டாம். உள்ளறையிலேயே படுத்திருங்கள், கதவை மட்டும் சாத்தாதீர்கள். மாதாவோடு வருகிறவர்கள் எல்லாரும் போன பிறகு என் பாதியைச் சொல்லிவிட்டு, எப்போதும்போல் கொஞ்சம் நிறுத்துவேன்.